ஹுத்தான் மெலிந்தாங் மாதுமை

துளசி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற பெண்களின் ரவிக்கைத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முகங்களைப் பார்க்கிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நோட்டம் விட இந்த நேரத்திலும் தெம்பு இருக்கிறதே என்று நாத்தனார் மாரியம்மா ஒரு தரம் முறைக்கவும் செய்தாள். துளசி தேடிய ஆளின் முகம் துளசிக்கே தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தொழில். மாதுமை. ஹுத்தான் மெலிந்தாங். ரவிக்கைத் தையலும் ஆரி வேலையும். தையல்காரி எந்த வீட்டுக்குப் போனாலும் தன் ரவிக்கையை மட்டும் கச்சிதமாகத் தைத்துப் போட்டுக்கொண்டுதான் போவாள், அது சாவு வீடாக இருந்தாலும் சரி.

இதுவரை யாரும் அகப்படவில்லை. பக்கத்து வீட்டு விமலாவின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று நின்றது. கோயில் கமிட்டித் தலைவரின் மனைவி டீ சட்டையில் வந்திருந்தாள். சிலிம் ரிவரிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தக்காரப் பெண்கள் கடையில் தைத்து விற்கிற ரவிக்கைகளைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் குனிந்து துளசியைக் கட்டிப்பிடித்து அழும்போது, அவள் அவர்களுடைய முதுகு மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

புருஷன் பத்துமலை நேற்றுக் காலை கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது சாகிற வயதா என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். துளசிக்கு அழுகை வராமல் இல்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் அவள் வந்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? கண்ணில் தண்ணீர் நின்றால் தையல் தெரியாது.

ஈப்போ புந்தோங்கில் அவர்களுடைய தெருவை அடைத்துக் கெனோப்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பத்துமலையின் தம்பி தனேஸ்வரன் கமுந்திங்கிலிருந்து விடிகாலையிலேயே வந்து, ஐயர், வேன், தாப்பாவ் பொட்டலச் சாப்பாடு என்று ஓடிக்கொண்டிருந்தான். கொள்ளி வைக்கப் போகிறவனும் அவன்தான். மகள் ஷாமினி அப்பாவின் காலடியில் சுருண்டு கிடந்தாள்.

துளசியின் இடுப்பில், சேலைக்கு உள்ளே, ஒரு சின்னப் பையில் பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. காலை ஒன்பது மணிக்கு அது ஒரு தரம் அதிர்ந்தது. கக்கூசுக்குப் போகிற சாக்கில் எழுந்து போய்ப் பார்த்தாள். 'மாதுமை அக்கா, தீபாவளிச் சிறப்புச் சலுகை! உங்கள் விவரங்களைச் சரிபார்க்க எங்கள் ஊழியர் இன்று மாலை அழைப்பார். ஊர்ச்சந்தை.' தீபாவளிக்கு இன்னும் பதினோரு நாள். புருஷன் கூடத்தில் பிணமாகக் கிடக்கிறார், இவளுக்குச் சலுகை கேட்கிறதா என்று துளசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

*

அந்தப் போன் அவள் கைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது.

பத்துமலை ஒரு செம்பனை ஆலையில் கிராணியாகக் கணக்கு எழுதியவர். கணினியைத் தானாகவே கற்றுக்கொண்டு, ஆலை மூடியபின் 'வீட்டுக்கடை' என்று ஒரு செயலியை உண்டாக்கினார். பேராக் மாநிலம் முழுக்க வீட்டிலிருந்தே தொழில் செய்கிற பெண்களின் பட்டியல் அது. முறுக்குச் சுடுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், மருதாணி போடுகிறவர்கள், ரவிக்கை தைக்கிறவர்கள் என்று நாலாயிரத்துச் சொச்சம் பேர். அவருடைய வேலை முறை கொஞ்சம் கிறுக்குத்தனமானது. எவரையும் போனில் கேட்டுச் சேர்க்க மாட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போவார், செய்கிற வேலையைக் கண்ணால் பார்ப்பார், பலகாரமென்றால் தின்று பார்ப்பார். திரும்பி வந்து பெயருக்குக் கீழே தம் கைப்படக் குறிப்பு எழுதுவார். எல்லாக் குறிப்பும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: 'வீட்டுக்கே போய்ப் பார்த்தது.' பலகாரக்காரிகளைத் தேடிப் போனதில் சர்க்கரை வியாதியும் அவரைத் தேடி வந்துவிட்டது என்று துளசி கேலி செய்வாள். அதெல்லாம் கேலி செய்த காலம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, துளசியின் பிறந்தநாளன்று, பத்துமலை காலையிலேயே ஒரு மாதிரி துள்ளிக்கொண்டிருந்தார். மனுசன் பாட்டெல்லாம் முணுமுணுத்தார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேக் வாங்க வெளியே கிளம்பினார். துளசிக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது. அவர் மேசையைத் துடைத்து வைக்கலாமென்று போனவள், இழுப்பறையில் ஏதோ அதிர்கிற சத்தம் கேட்டுத் திறந்தாள். இதுவரை பார்க்காத ஒரு போன். அதில் ஒரே ஒரு செய்தி, இரண்டு தடவை வந்திருந்தது.

'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், மாதுமை அக்கா! உங்கள் கைவேலை மேலும் சிறக்கட்டும். ஊர்ச்சந்தை.'

அந்தப் போனில் அழைத்த எண் எதுவும் இல்லை, வேறு செய்தியும் இல்லை. அவளுக்கென்றே வாங்கி ஒளித்து வைத்திருக்கிற போன், எல்லாவற்றையும் அழித்துவிட்டிருக்கிறார் என்று துளசி முடிவு கட்டினாள். ஆக, காலையிலிருந்து துள்ளியது இவளுக்காக இல்லை. அவளுக்கும் இன்றைக்கே பிறந்தநாளாம். ஒரே கேக்கை வாங்கி இரண்டு பேருக்கும் வெட்டுகிற யோசனை போலிருக்கிறது. அன்று மாலை அவர் ஊட்டிய கேக்கைப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தாள். போனை அவள் அப்போதே எடுத்துத் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் அவர் அந்தப் போனைத் தேடினார். மேசைக்கு அடியில் முட்டி போட்டு, டார்ச் அடித்து, குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து என்று வேர்த்து விறுவிறுத்துத் தேடினார். இங்க ஒரு பழைய போன் இருந்துச்சே, பாத்தியா என்று அவளிடமும் கேட்டார். நான் ஏன் ஒங்க போனப் பாக்கப் போறேன் என்றாள் அவள். அவளுக்காக இவர் தரையில் தவழுகிறார் என்று பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலும் ஒரு சுகம் இருந்ததை அவள் மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் சிலிம் ரிவருக்குக் கிளம்பிப் போனதும் கணினியைத் திறந்தாள். பட்டியலில் மாதுமை என்று தேடினாள். இருந்தாள். படம் இல்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு லோரோங் சந்து. எண்ணுக்கு அந்தப் போனின் எண்ணையே போட்டிருந்தார், இவரைத் தாண்டி யாரும் அவளிடம் பேசக்கூடாது போலிருக்கிறது. பிறந்தநாள் ஆகஸ்ட் ஒன்பது. கீழே அவருடைய குறிப்பு: 'கை சுத்தம். பேச்சு குறைவு, கோபம் அதிகம். சொன்ன தேதிக்குத் தருவார். வீட்டுக்கே போய்ப் பார்த்தது.'

வேறு யாருக்காவது கோபம் அதிகம் என்று எழுதியிருக்கிறாரா? ஐம்பது அறுபது பெயரைத் திறந்து பார்த்தாள். ஒருத்திக்கும் இல்லை. அவளுடைய கோபம் வரைக்கும் பழகி வைத்திருக்கிறார்.

பெயர் வேறு அவளைக் குத்தியது. மாதுமை யாழ்ப்பாணத்தார் பெயர். துளசியின் அம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்தில் பெரிய கிராணியார் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குத்தான் அப்படியெல்லாம் பெயர் இருந்தது. வெள்ளைச் சட்டையில், மடித்துக் கட்டிய சடையில், பியானோ வகுப்புக்குக் காரில் போகிற பெண்கள். அவர்கள் பழைய பாவாடைகளைக் கொடுத்துவிடுவார்கள், துளசி அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். போயும் போயும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியா?

அழி என்ற பொத்தானை அழுத்தினாள். 'போனா போனதுதான், திரும்ப வராது. அழிக்கவா?' என்று பத்துமலையின் பேச்சிலேயே திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

அதற்கப்புறம் அந்தப் போனை அவள் தூக்கிப் போடவில்லை. மாதா மாதம் சார்ஜ் போட்டாள். எண் செத்துப்போகாமல் இருக்க, மளிகைக்கடை போகும்போது பத்து வெள்ளிக்கு டாப்அப் போட்டாள். என்றைக்காவது அந்தக் குரல் அழைக்கும், அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். குரல் வரவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆகஸ்ட் ஒன்பதுக்கும் வாழ்த்து மட்டும் ஊர்ச்சந்தையிலிருந்து தவறாமல் வந்தது. ஊர்ச்சந்தை அவருடைய எதிரிக் கம்பெனி என்பது துளசிக்குத் தெரியும். என் லிஸ்ட்டத் திருடிட்டானுங்க என்று அவர் அவர்கள்மேல் கேஸ் போட்டு ஒரு வருடமாகிறது. மாதுமை இரண்டு பக்கமும் பெயர் கொடுத்து வைத்திருக்கிற கெட்டிக்காரி என்று துளசி நினைத்துக்கொண்டாள். கேஸைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

*

ஒன்றே முக்காலுக்கு அவள் வந்தாள்.

சாம்பல் நிறச் சேலை. நாற்பது வயது இருக்கும். ரவிக்கை உடம்போடு பிறந்ததுபோல் தைத்திருந்தது, கை ஓரத்தில் அதே நிறத்தில் மெல்லிய நூல்வேலை. மாலையை வைத்துவிட்டு மற்றவர்களைப்போல் நகர்ந்துவிடாமல் அங்கேயே நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. உதடு அசைந்தது. தலைமாட்டில் இருந்த துளசிக்கு அது கேட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யாழ்ப்பாணப் பேச்சு.  இரண்டு வருடமாக இந்தக் கணத்துக்குத்தான் துளசி காத்திருந்தாள். அவள் எழுந்தாள். தாலி கட்டிக்கொண்டவள் உடலை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று மாரியம்மா சேலையைப் பிடித்து இழுத்ததையும் மீறி எழுந்தாள். சாம்பல் சேலைக்காரியின் மணிக்கட்டைப் பிடித்து, கூடத்தைக் கடந்து, பின்னாலிருந்த அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீதான மாதுமை?"

வந்தவள் கையை உருவிக்கொண்டாள். "இந்தப் பேர் உங்களுக்கு ஆர் சொன்னது?"

"யாரு சொன்னா என்னா?"

"இது வீட்டுக்குத் தெரியாம அவருக்கும் எனக்கும் இடையில இருந்த விசயம். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு நான்தான் சொன்னனான்."

துளசி கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை பாத்திரக் கூடையில் பட்டு, இரண்டு மூன்று தம்ளர்கள் உருண்டன. அந்தச் சத்தத்தில் வந்தவளுக்கு ஏதோ விளங்கியது போலிருந்தது. குனிந்து தம்ளர்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். தன் பெயர் புனிதவதி என்றாள். ஈப்போவில் வக்கீல் என்றாள். பத்துமலையின் கேஸைத் தான்தான் நடத்துவதாகச் சொன்னாள். லாயர் மேடம், லாயர் மேடம் என்று அவர் போனில் பேசியது துளசியின் நினைவுக்கு வந்தது. அந்த மேடம் கண்ணாடி போட்ட கிழவி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அப்ப மாதுமை யாரு?" என்றாள் துளசி.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை."

துளசிக்கு அது உடனே ஏறவில்லை.

புனிதவதி சின்னக் குரலில் சொல்லிக்கொண்டு போனாள். இப்படிப் பட்டியல் போடுகிறவர்கள் அதற்குள் ஒரு பொய்யான ஆளை வைப்பது உண்டு. இல்லாத பெயர், இல்லாத வீடு. எவனாவது பட்டியலை அப்படியே தூக்கினால் அந்த இல்லாத ஆளும் சேர்ந்து போவாள், திருடியவன் மாட்டிக்கொள்வான். பத்துமலை வைத்த பொறிதான் மாதுமை. தன் அடையாள அட்டையில் ஒரு எண் வாங்கி, அந்த எண்ணை அவள் பெயருக்குப் போட்டார். அந்த எண்ணுக்கு வேறு எந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தாலும் அது திருடிய கம்பெனிதான். ஊர்ச்சந்தையிலிருந்து அதற்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்த அன்று, அம்பிட்டுட்டாங்க மேடம் என்று தன்னிடம் போனில் கத்தியதாகப் புனிதவதி சொன்னாள். அன்றைக்கே கேக் வாங்கப் போவதாகவும் சொன்னாராம்.

துளசி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரும் நம்பரும் ஊரில எல்லாருக்கும் பொது, அதுக்குச் சொந்தக்காரன் இல்லை எண்டு அவையின்ர லோயர் வாதாடினவர். அது உண்மைதான். ஆனா ஆரைச் சேர்க்கிறது, ஆரை விடுறது, என்ன எழுதுறது எண்டு இவர் வீடு வீடாப் போய் முடிவு பண்ணினவர். அது ஒரு புத்தகம் எழுதுற மாதிரி. சட்டம் அதை அப்பிடித்தான் பாக்கும். நாங்கள் வெல்ல வேண்டிய கேஸ்."

வெல்லவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் கோர்ட்டில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மாதுமை ஊர்ச்சந்தையின் பட்டியலில் இருந்தாள், பத்துமலையின் பட்டியலில் இல்லை. தன்னிடமே இல்லாத ஆளை நாங்கள் எப்படித் திருடினோம் என்கிறார் என்று எதிர்த்தரப்பு சிரித்தது. இவரே எங்களிடம் வந்து அந்தப் பெயரில் பதிந்துவிட்டு நாடகம் ஆடுகிறார் என்றார்கள். அப்படிப் பதிந்திருந்தால் முதலில் அந்தப் போனுக்கு ஓர் உறுதி எண் வந்திருக்க வேண்டும், போன் கையில் இருந்தால் அப்படி ஒன்றும் வரவில்லை என்று காட்டியே அவர்கள் வாயை மூடியிருக்கலாம். போனும் தொலைந்துவிட்டிருந்தது. வாரா வாரம் அவர் எடுத்து வைத்த பிரதி எல்லாம் பழையதன்மேல் புதியதாக ஏறியிருந்தது. ஒன்றிலும் மாதுமை இல்லை.

"நான் பட்டியலைக் கோர்ட்டில குடுக்க முதல் ஒருக்காத் திறந்து பாத்திருக்க வேணும். இருக்குது எண்டவர், நம்பிட்டன். பிழை என்னிலயும் இருக்குது. அதான் மன்னிப்புக் கேட்டனான்."

வெளியே உருமி மேளக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். மேளத்தைச் சரிபார்க்கிற சத்தம் கேட்டது. புனிதவதி கிளம்பப் பார்த்தாள். இண்டைக்கு இதெல்லாம் கதைக்கிற நாளில்லை என்றாள். துளசி கதவில் சாய்ந்து நின்றாள், வழி விடவில்லை.

"அழிச்சது யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

புனிதவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் செயலி எதை அழித்தாலும் நாளும் நேரமும் குறித்து வைக்கும் என்றாள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மதியம் மூன்று மணிக்கு, வீட்டுக் கணினியில். அதே மூன்று மணிக்குப் பத்துமலை சிலிம் ரிவரில் ஒரு முறுக்குக்காரியைத் தன் கைப்போனிலிருந்து பட்டியலில் சேர்த்துக்கொண்டிருந்தார். கோர்ட் முடிந்து வெளியே வந்ததும் இரண்டு பேருமாக அதைப் பார்த்தார்கள்.

"வீட்டில ஆர் எண்டு கேட்டனான். நாந்தான் அழிச்சேன் எண்டவர். நீங்கள் அங்க இல்லையே எண்டனான். அந்தக் குறிப்பு மட்டும் போதாது, அழிச்ச ஆள் வந்து ஏன் அழிச்சனான் எண்டு சொன்னா, கேஸ் திரும்ப நிக்கும் எண்டும் சொன்னனான். அவர் என்ன சொன்னவர் தெரியுமே? வீட்ட உள்ள இழுக்காதீங்க மேடம், தோத்தாலும் பரவால்ல எண்டவர்."

 ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் இதே அடுப்படியில் துளசி நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். பத்துமலை கோர்ட்டுக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட மாற்றாமல் வந்து, இந்தக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். ஒனக்கு என்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா என்றார். எனக்கு என்ன கேக்க இருக்கு என்றாள் அவள், தலையைத் தூக்காமல். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நெத்திலித் தலைகளைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டுபோய்த் தெருப் பூனைக்குப் போட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கத்தியிருப்பாள், கத்தியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அவள்தான் இரண்டு வருடமாகக் கத்தாமல் இருப்பதைப் பெரிய கௌரவமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் நடுவில், இவளிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை என்றும் மனசு பொருமியது. இல்லாத ஒருத்தியின்மேல் இருந்த பொறாமை, இருக்கிற ஒருத்தியின்மேல் மாறி உட்கார இடம் தேடியது. புனிதவதியின் ரவிக்கைக் கையை அவள் மறுபடி பார்த்தாள்.

"அந்தப் பொறந்தநாளு," என்றாள். "அது என்னா தேதின்னு அவரு சொன்னாரா?"

"இல்லை. வாழ்த்து வருற நாளை மறந்தா பொறி வைச்சுப் பிரயோசனமில்லை, அதால எனக்கு மறக்காத ஒரு தேதியைப் போட்டனான் எண்டு மட்டும் சொன்னவர். ஏன்?"

துளசி கதவைத் திறந்து வழி விட்டாள்.

*

மூன்று மணிக்குச் சரியாக எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது துளசியின் விரல் அவர் உதட்டில் பட்டது. நேற்றுக் காலை டீயில் சீனி போடவில்லை என்று குறைபட்டுக்கொண்ட உதடு. பேச்சு குறைவு, கோபம் அதிகம் என்று எழுதியது யாரைப் பற்றி என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து அலறிக்கொண்டு அவர்மேல் விழுந்தாள். காலையிலிருந்து கல்லாட்டம் இருந்தவள் இப்பத்தான் அழுவுறா என்று பெண்களில் யாரோ சொன்னார்கள். நான்கு பேர் சேர்ந்து அவளைப் பிரித்தெடுத்தார்கள். வேன் தெருமுனை திரும்பும்வரை மேளம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. மாரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடத்தைக் கழுவ ஆரம்பித்தாள். உடல் கிடந்த இடத்தில் விமலா விளக்கு ஏற்றி வைத்தாள். துளசியைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

குளித்துவிட்டு வந்தவள் தலையைத் துவட்டாமலேயே ஷாமினியைக் கூப்பிட்டு, அந்த வக்கீலம்மா கொடுத்துவிட்டுப்போன கார்டில் இருந்த எண்ணுக்குப் போன் போடச் சொன்னாள். அழுது வீங்கிய முகத்தோடு பெண் போட்டுக் கொடுத்தாள். மாரியம்மா துடைப்பத்தை நிறுத்தாமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"நான் துளசி பேசுறேன். பத்துமலை வீட்டுக்காரி. அந்தப் போனு தொலையல. என்கிட்டதான் இருக்கு, ரெண்டு வருசமா. வந்த மெசேஜு ஒண்ணக்கூட அழிக்கல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பேர லிஸ்ட்லேர்ந்து அழிச்சதும் நாந்தான்."

துடைப்பம் நின்றுவிட்டது.

 அந்தப் பக்கம் புனிதவதி, போனவர் போனாலும் அந்தப் பட்டியல்மேல் அவருக்கு இருந்த உரிமை இன்னும் ஐம்பது வருடம் இருக்கும், அது துளசிக்கும் மகளுக்கும்தான் வரும், கேஸை அவர்களே நடத்தலாம் என்றாள். ஆனால் ஏன் அழித்தாய் என்று கோர்ட்டில் எல்லார் முன்னாலும் கேட்பார்கள். புருஷனைச் சந்தேகப்பட்டதைச் சொல்ல வேண்டி வரும். அதைப் பத்திரிகைக்காரர்களும் எழுதலாம். அவர் அதற்குத்தான் பயந்தார்.

"எழுதட்டும்," என்றாள் துளசி. "நான் வாரேன், வந்து சொல்றேன்."

மாரியம்மாவைப் பார்த்தாள். தம்பி பத்துமலையை ஒரு சொல் சொன்னால் பொறுக்காத மாரியம்மா, ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னலா பண்ணி வச்சிருக்க தொளசி என்று கடைசியில் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. துளசி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அலமாரிமேல் வைத்திருந்த பட்டன் போன் அடித்தது.

இரண்டு வருடத்தில் அது ஒருநாளும் அடித்ததில்லை. அதன் மணி எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. பழைய காலத்துத் தொலைபேசி மணியாட்டம் வீடு முழுக்கக் கேட்டது. துளசி ஷாமினியின் கைப்போனைக் காட்டிப் பதிவு பண்ணு என்று சைகை செய்தாள். பெண்ணுக்கு முதலில் புரியவில்லை, அப்புறம் புரிந்துகொண்டு ஓடிவந்தாள். துளசி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு எடுத்தாள்.

"வணக்கம்க்கா. ஊர்ச்சந்தையிலேர்ந்து பேசுறேன். மாதுமை அக்காங்களா?"

சின்னப் பெண்ணின் குரல். இருபது வயதுகூட இருக்காது. துளசி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆமா. மாதுமைதான் பேசுறேன்."

மாரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் தீபாவளி வாழ்த்துச் சொன்னாள். சலுகைக்கு முன்னால் விவரமெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று மளமளவென்று வாசித்தாள். ஹுத்தான் மெலிந்தாங், லோரோங், ரவிக்கைத் தையல், ஆரி வேலை. துளசி ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள்.

"கீழ ஒரு குறிப்பும் இருக்குக்கா. கை சுத்தம். பேச்சு குறைவு, கோபம் அதிகம்." அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சாரிக்கா, இப்பிடித்தான் போட்டிருக்கு. சொன்ன தேதிக்குத் தருவார். வீட்டுக்கே போய்ப் பார்த்தது. பொறந்தநாள் ஆகஸ்ட் ஒம்போது. எல்லாம் சரிங்களாக்கா?"

துளசியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கழுவின தரையில் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு நின்று எரிந்தது.

"சரிதாம்மா," என்றாள். "அந்தக் குறிப்ப மட்டும் இன்னொரு தடவ படி."